பாய்மரப் படகுக்கு ஊர் எது?

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் படகைப் பற்றிப் பேசப் புறப்பட்டால் கேட்பவர்கள் நகைப்பது இயல்பே. எங்கள் ஊருக்குக் கடல் இல்லை. குன்று உண்டு, குன்றின்மேல் கோட்டை உண்டு, தோல் பதனிடும் தொழில் உண்டு, பூட்டுத் தொழில் உண்டு. தண்ணீருக்குத்தான் பஞ்சம். 'அந்த ஊரில் பெண்ணைக் கொடுத்தால் குடம் சுமந்தே தேய்ந்து போவாள்' என்று பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கிய காலத்தை நான் கண்டிருக்கிறேன். ஆத்தூர் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே நீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் தெருக்களிலே வளர்ந்தவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பாய்மரப் படகைப் பற்றியே. அதைக் கட்டும் முறையைப் பற்றி அன்று. ஓட்டும் திறனைப் பற்றியும் அன்று. அதைப் பதிவு செய்வது பற்றி. ஒருவன் ஒரு பாய்மரப் படகை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏற்றுவதா, மாநில அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏற்றுவதா? 'இது என்ன வறட்டுக் கேள்வி?' என்று உங்களுள் சிலர் வானொலிப் பெட்டியின் திருகைத் தொடக்கூடும். சற்றுப் பொறுங்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் தன் தாயின் நகைகளை அடகு வைத்துவிட்டு வந்து கேட்டான்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்பொழுது நான் கல்லூரியில் அரசியல் நூல் கற்பித்துக் கொண்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். நாகல் நகரில் பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன். படிப்பு முடிந்ததும் தூத்துக்குடிக்குச் சென்று, சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்து, அங்கேயே கடலோரக் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தவன். மனைவியின் தமையன் தோணியில் கடலோடுபவன். மைத்துனர் இருவரும் சேர்ந்து ஒரு சிறு தோணியை விலைக்கு வாங்க முடிவு செய்திருந்தனர். முன்பணமும் கொடுத்தாயிற்று. தரகர் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "மத்திய அரசாங்கப் பதிவு எதற்கு? அளவெடுப்பான், பார்வையிடுவான், கோடு போடுவான், மாதக் கணக்கில் அலையவைப்பான். மீன்பிடி படகு என்று மாநிலத்து மீன்துறையில் எழுதிக்கொண்டால் போதும். உள்ளே வலை இருக்கிறதா, வெங்காய மூட்டை இருக்கிறதா என்று நடுக்கடலில் யார் பார்க்கப்போகிறார்கள்?"

"ஐயா, தாங்கள்தானே எங்களுக்கு அரசியலமைப்பு நடத்தினீர்கள்? எது சரி என்று சொல்லுங்கள்" என்றான்.

நான் திகைத்துப் போனேன். உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன; மத்திய அரசாங்கத்துக்கு உரியவை ஒன்று, மாநிலங்களுக்கு உரியவை ஒன்று, இருவருக்கும் பொதுவானவை ஒன்று. ஆண்டுதோறும் அவற்றைக் கரும்பலகையில் மூன்று பத்திகளாக எழுதிப்போட்டவன் நான். பாதுகாப்பு, இரயில்வே, காவல், வேளாண்மை என்று தேர்வில் வரக்கூடியவற்றை ஒப்பிக்கச் செய்தேன். அவற்றுள் படகு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் தேடியதில்லை. "தம்பி, இரண்டு நாள் தவணை கொடு" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, இரவு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன்.

தேடிய போது கண்டது எனக்கே வியப்பாயிருந்தது. அதை உங்களுக்கு விளக்க, நம் மாவட்டத்திலேயே உள்ள ஒரு நீர்நிலைக்குப் போவோம். கொடைக்கானல் ஏரி இயற்கையில் அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பார் 1863-ஆம் ஆண்டில் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி அதை உண்டாக்கினார். அதில் மிதந்த முதற் படகுகள் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வரப்பட்டவை என்று அவ்வூர் வரலாறு கூறும். கடற்கரையில் பிறந்த படகுகள் மலையேறி வந்ததை எண்ணிப் பாருங்கள்! 1890-இல் அங்கே படகுச் சங்கமும் தோன்றிவிட்டது.

அந்த ஏரியில் துடுப்பும் பாயும் மட்டுமுள்ள ஒரு படகை விடுகிறோம் என்று கொள்வோம். அரசியலமைப்பின்படி உள்நாட்டு நீர்வழியும் அதில் நடக்கும் போக்குவரத்தும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே அந்தப் படகைப் பற்றிச் சட்டம் செய்யும் உரிமை சென்னையிலுள்ள சட்டமன்றத்துக்கு உரியது. இனி அதே படகில் ஓர் எஞ்சினைப் பொருத்துகிறோம். உடனே அது பொதுப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறது! 'இயந்திர விசையால் இயங்கும் கலம்' என்ற சொற்றொடர் அங்கே கிடக்கிறது. அந்த நீர்வழியைப் பாராளுமன்றம் சட்டத்தால் தேசிய நீர்வழி என்று அறிவித்தால், எஞ்சின் படகு மத்திய பட்டியலுக்கே போய்விடும். சரி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, படகை வண்டியில் ஏற்றி, மலையிறக்கி, வத்தலக்குண்டையும் மதுரையையும் கடந்து கடலிலே கொண்டுபோய் விடுகிறோம். இப்பொழுது பாய் மட்டுமே இருந்தாலும் அது மத்திய பட்டியலைச் சேர்ந்துவிடுகிறது. கடற்கப்பல் போக்குவரத்து, அலையேறி இறங்கும் நீரில் நடக்கும் போக்குவரத்து உட்பட, முழுதும் மத்திய அரசாங்கத்துக்கு உரியது. அத்துடன் முடிந்ததா? அந்தப் படகிலிருந்து ஒரு வலையை எடுத்து வீசுங்கள். மீன்பிடித்தல் மாநிலப் பட்டியலில் உள்ளது! ஆனால் கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரையுள்ள எல்லைக்கடலுக்கு அப்பால் சென்று வலை வீசினால், அம்மீன்பிடிப்பு மீண்டும் மத்திய பட்டியலுக்கு உரியது. கடல்மைல் ஒன்று 1,852 மீட்டர்.

படகு ஒன்றே, மரம் ஒன்றே, ஆணியும் ஒன்றே. அது எங்கே மிதக்கிறது, எதனால் ஓடுகிறது, என்ன வேலை செய்கிறது என்பவற்றைக் கொண்டு அதன் தலைவன் மாறுகிறான். இரவு பன்னிரண்டு மணிக்கு இதைக் கண்டுபிடித்த நான், இருபது ஆண்டுகள் கற்பித்த பாடத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தவனைப் போல் உணர்ந்தேன்.

பட்டியலில் உரிமை கொடுத்தால் போதுமா? அதைக்கொண்டு செய்த சட்டம் வேண்டுமல்லவா? அப்பொழுது நடப்பிலிருந்தது 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். பெருங்கப்பல்களுக்கு ஒரு பகுதி, பாய்மரக் கலங்களுக்குத் தனியே ஒரு பகுதி என்று அது வகுத்திருந்தது. பாய்மரக் கலம் என்பதற்கு அச்சட்டம் கூறிய இலக்கணம் சுவையானது. பாயை மட்டும் கொண்டே ஓடுவதற்குப் போதுமான அளவு பாய் இருக்க வேண்டும். எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. துடுப்புப் படகும் அதில் அடங்கும். ஆனால் இன்பப் பயணத்துக்கான படகு அடங்காது. தோணியின் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்று அழைப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிய அச்சட்டத்திலும் அந்தச் சொல் 'டிண்டல்' என்ற உருவத்தில் குடியேறியிருந்தது. கடலோடிகளின் வாய்ச்சொல் ஒன்று பாராளுமன்றத்தின் ஏட்டில் ஏறியதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

மீன்பிடி படகின் கதை வேறு. 1983-ஆம் ஆண்டில் இரண்டு செயல்கள் நடந்தன. மத்திய சட்டத்தில் மீன்பிடி படகுகளுக்கென்று புதிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. விசைப்படகுகள் கரைக்கு அருகே வலை வீசக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த மாநிலச் சட்டத்தின் வழி வந்தவை. கட்டுமரத்தில் சென்று வாழும் ஏழையின் மீனை விசைப்படகு அள்ளிக்கொண்டு போகாதிருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆகவே மாநிலப் பதிவு என்பது தரகர் சொன்னதுபோல் 'சுலபமான பதிவு' அன்று. அது வேறொரு கேள்விக்கு விடை. 'இந்த நீரில் மீன் பிடிக்க உனக்கு உரிமை உண்டா?' என்பது மாநிலம் கேட்கும் கேள்வி. 'நீ எந்த நாட்டுக் கலம்? உன் உடைமையாளன் யார்? உன்மேல் ஏறியவர்கள் பத்திரமாகக் கரை சேர்வார்களா?' என்பவை மத்திய பதிவேடு கேட்கும் கேள்விகள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்மையிலேயே உள்ள நாடு ஒன்று உண்டு. அமெரிக்கா. அங்கே கூட்டரசின் கப்பற்பதிவு அந்நாட்டு அரசியலமைப்போடு ஏறத்தாழ உடன்பிறந்தது. 1789-ஆம் ஆண்டிலேயே முதல் காங்கிரஸ் அதற்குச் சட்டம் செய்துவிட்டது. இன்று கடற்காவற்படையினர் அதை நடத்துகின்றனர். கலம் நிகர அளவில் ஐந்து டன்னுக்குக் குறையாமல் இருக்கவேண்டும்; உடைமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்கவேண்டும். இந்த 'டன்' என்பது எடையன்று, கொள்ளளவு. நூறு கன அடி ஒரு டன். பழைய நாளில் கப்பலில் எத்தனை மதுப்பீப்பாய்கள் அடங்கும் என்று எண்ணியதிலிருந்து வந்த வழக்கம் இது. இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள படகு பெரும்பாலும் அந்த ஐந்து டன்னைத் தொட்டுவிடும். சரக்கேற்றிக் கரையோரம் ஓடுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் அந்த அளவுடைய கலம் கூட்டரசில் பதிந்தே தீரவேண்டும். ஆனால் இன்பப் பயணத்துக்கு மட்டும் படகு வைத்திருப்பவர் கூட்டரசில் பதியலாம். அன்றேல் தம் மாநிலத்தில் எண் வாங்கிக்கொள்ளலாம். மாநில எண் பெற்ற படகு, அந்த எண்ணை முகப்பின் இருபுறமும் பெரிதாக எழுதிக்கொண்டு போகவேண்டும். கூட்டரசில் பதிந்த படகு பெயரையும் ஊரையும் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, எண்ணை உள்ளே மரத்தில் அழியாதபடி பொறித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியில் விடுமுறை நாளில் பாய் விரிப்பவருக்கு மாநில எண் போதும். அயல்நாட்டுத் துறைமுகம் செல்ல விரும்புபவரும், படகை ஈடுகாட்டிப் பெருங்கடன் வாங்குபவரும் கூட்டரசுப் பதிவை நாடுகின்றனர். ஏனெனில் கூட்டரசுப் பதிவு அயல்நாடுகளில் படகின் நாட்டுரிமைக்குச் சான்றாகும். அதன் ஏட்டில் முதல் உடைமையாளர் தொடங்கிக் கைமாறிய வரலாறும், இருக்கும் கடனும் வரிசையாகக் கிடைக்கும். கடன் கொடுப்பவர் அந்த ஏட்டையே நம்புகிறார்.

அமெரிக்க மாநிலங்கள் படகுகளுக்கு எண் கொடுப்பதை ஒழுங்குபடுத்திய கூட்டரசுச் சட்டமும் 1958-இல்தான் வந்தது. அதே ஆண்டில் ஜினீவாவில் கூடிய நாடுகள், கொடி பறக்கவிடும் உரிமை பெற்ற கலத்துக்கு அக்கொடியின் நாடே தாய்நாடு என்று ஒப்பந்தம் எழுதின. நமது சட்டமும் அவ்வாண்டினதே. வரலாற்றில் இப்படிச் சில ஆண்டுகள் ஒரே பொருளை விடாமல் பற்றிக்கொள்கின்றன. காரணம் தேடி நான் அலையவில்லை.

நாட்டுரிமை என்றதும் இன்னொரு கலம் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பவர் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரிட்டார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செங்கடல் வழியாகவும் அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகவும் ஓட்டிச்சென்று, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். கட்டிய கைகள் தமிழ்க் கைகள். ஓட்டிய கைகளும் தமிழ்க் கைகள். கப்பலின் பெயரோ அமெரிக்கப் பெண்ணின் பெயர். கப்பலுக்குப் பிறந்த ஊர் வேறு, பதிந்த ஊர் வேறு, போய்ச்சேரும் ஊர் வேறு. மனிதர்களுக்கும் அப்படித்தானே என்று உங்களில் யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். திண்டுக்கல் பையன் தூத்துக்குடியில் தோணி வாங்கவில்லையா?

அவனிடம் திரும்புவோம். இரண்டு நாள் கழித்து வந்தவனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, தோணியில் என்ன செய்யப்போகிறாய்?"

"மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றுவோம் ஐயா."

"அப்படியானால் தேர்வு செய்ய உனக்கு ஒன்றுமே இல்லை. உன் தோணி பாய்மரச் சரக்குக் கலம். மத்திய பதிவேட்டில்தான் அதற்கு இடம். மீன்பிடி படகென்று எழுதிவிட்டு வெங்காயம் ஏற்றினால், மூழ்கிய மறுநாள் காப்பீட்டுக்காரர் அந்தத் தாளைத்தான் முதலில் எடுப்பார். மாலத்தீவுத் துறைமுகத்தில் உன்னை யார் என்று கேட்டால் எதைக் காட்டுவாய்?"

அவன் முகம் வாடிவிட்டது. 'செலவு கூடுமே' என்பது அவன் கவலை. எனக்கு வேறொரு கவலை. "அந்தத் தோணி ஏற்கெனவே பதிந்த தோணிதானே? பழைய பதிவேட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. சான்றிதழின் நகலைத் தரகர் காட்டியிருக்கிறார், அவ்வளவே. விடுமுறை நாளாயிருந்தமையால் நானும் அவனுடன் தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன்.

இரயிலில் செல்லும்போது அவனுக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கதையை நினைவூட்டினேன். 1906-ஆம் ஆண்டு பதிவு பெற்ற சுதேசிக் கப்பல் கம்பெனி பத்து இலட்ச ரூபாய் முதலை, இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாக வகுத்துத் திரட்ட எண்ணியது. தொடக்கத்தில் பிறர் கப்பலை வாடகைக்கு அமர்த்தித்தான் ஓட்டினார்கள். எதிர்த்தரப்பு நெருக்கியதும் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திக்கொண்டு சமாளித்த பிறகுதான், சொந்தக் கப்பல் இல்லாமல் சொந்தக் கம்பெனி நில்லாது என்று கண்டு, காலியா, லாவோ என்ற இரண்டையும் 1907-இல் கொண்டுவந்தார்கள். கப்பல் யார் பெயரில் இருக்கிறது என்ற தாள் செய்தி, ஒரு விடுதலைப் போரின் நடுவே எவ்வளவு கனத்தது என்று பாருங்கள். பையன் சாளரத்தின் வழியே கரிசல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக வந்தான்.

தோணியைக் கண்டேன். நான் நினைத்ததைவிடப் பெரிது. தூத்துக்குடித் தச்சர்கள் கட்டிய உறுதியான மரக்கலம். முன்னாளில் துறைமுகம் ஆழமற்றிருந்தபோது, கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை இந்தத் தோணிகளே. 1974-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபின் அந்த வேலை குறைந்து, கொழும்பு, மாலத்தீவு, இலட்சத்தீவு என்று கடல் கடந்து செல்வதே பிழைப்பாயிற்று. அதுவும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நின்றுவிடும்; தோணிகள் உப்பாறிக்கொண்டு கரையோரம் கிடக்கும். எண்ணெயும் குங்கிலியமும் கலந்த மணம் இன்னும் என் நாசியில் இருக்கிறது. தோணியின் பக்கத்தில் ஒரு கோடு. 'இதற்கு மேல் தண்ணீர் ஏறுமளவுக்குச் சரக்கு ஏற்றாதே' என்று பொருள். அளவுக்கு மீறிய பாரத்தைத் தடுக்க 1958 சட்டம் செய்த ஏற்பாட்டின் அடையாளம் அது.

"இந்தக் கோட்டை மதித்தால் இலாபம் எங்கே கிடைக்கும்?" என்று மைத்துனன் மெல்ல முணுமுணுத்தான். அருகே கயிறு முறுக்கிக் கொண்டிருந்த முதிய தண்டல் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: "கோடு போட்டவன் ஆபீசிலே இருக்கான். தண்ணி இங்கேதான் இருக்கு."

மறுநாள் துறைமுகத்துப் பதிவதிகாரியிடம் சென்றோம். தோணியை ஈடுவைத்துக் கடன் வாங்கினால் அதுவும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பது சட்டம். ஏட்டைத் திறந்தார்கள். என் மாணவன் விரலை வைத்துப் படித்தான். படித்துக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஈட்டுக்கடன் ஒன்று, தீர்ந்ததாகக் குறிக்கப்படாமல் அங்கே கிடந்தது. விற்பவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தரகர் காட்டிய நகலிலும் அது இல்லை. மாநில மீன்துறைக்குப் போய்ப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால், கடன் கொடுத்தவர் ஒருநாள் வந்து தோணியையே கேட்டிருப்பார். தாயின் நகையும் போய், தோணியும் போய், நாகல் நகருக்கு எந்த முகத்தோடு திரும்புவது? பையன் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் கைகள் நடுங்கின.

இதற்கப்புறம் நடந்ததை விரிக்கத் தேவையில்லை. விற்பவர் முதலில் கோபித்தார், பிறகு இறங்கிவந்தார். விலைப்பணத்திலிருந்து கடன்காரருக்கு உரியது முதலில் கொடுக்கப்பட்டது. கடன் தீர்ந்தது என்று ஏட்டில் எழுதிய பின்பே மீதிப் பணம் விற்றவர் கைக்குச் சென்றது. இரண்டு மாதம் தாமதம்; அடகு வட்டி ஏறியது. அந்தப் பருவத்தில் ஒரு பயணம் தவறியது. அவ்வளவுதான் நட்டம்.

இந்தக் கதை நடந்த பிறகு சட்டங்கள் பல மாறிவிட்டன. அதையும் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டு நீரில் ஓடும் கலங்களுக்கு 1917-ஆம் ஆண்டிலிருந்து இருந்த சட்டம் போய், 2021-இல் புதியது வந்தது. அதன்படி பதிவு செய்பவர் மாநில அதிகாரி. ஆனால் அவர் கொடுக்கும் சான்று இந்தியா முழுவதும் செல்லும். நம் திண்டுக்கல்லில் டி.என். 57 என்று எண் வாங்கிய மோட்டார் சைக்கிள் காசி வரை போகவில்லையா, அதுபோல. துடுப்பும் பாயும் மட்டுமுள்ள உள்நாட்டுப் படகுகளைக் குறித்துவைக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. ஊராட்சித் தலைவர் கையில் படகுப் பதிவேடு! 1958-இன் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் பாராளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஆகவே இன்று படகு வாங்க எண்ணுபவர் யாரும் என் கதையை மட்டும் நம்பாமல், அன்றைய விதியைத் துறைமுக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வாராக.

மீன்பிடி படகுகளிலும் மாறுதல் வந்தது. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள், போர்பந்தரிலிருந்து சென்ற 'குபேர்' என்ற மீன்பிடி படகைக் கடலில் கைப்பற்றி, அதிலேறி வந்தார்கள். கடலில் மிதக்கும் ஆயிரக்கணக்கான படகுகளில் எது யாருடையது என்று ஒரே பார்வையில் அறிய வேண்டிய தேவை அன்று நாட்டுக்கு உறைத்தது. இப்பொழுது இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ ஒரு விசைப்படகின் பக்கத்தைப் பாருங்கள். முதலில் இந்தியாவைக் குறிக்கும் எழுத்துகள். அடுத்துத் தமிழ்நாட்டைக் குறிக்கும் எழுத்துகள். பிறகு மாவட்டத்தின் எண். பிறகு படகின் வகையும் எண்ணும். கரும்பலகையில் நான் மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதிய அரசியலமைப்பு, அங்கே ஒரே வரியாக மரத்தின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. பாக்கு நீரிணையில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகை மீட்க அயல்நாட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும் உடைமையாளரிடம், படகு உன்னுடையதுதான் என்பதற்குச் சான்று எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தாளில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

என் மாணவனின் தோணி முதற் பயணம் புறப்பட்ட நாளில் அவன் தாயாரைத் திண்டுக்கல்லிலிருந்து அழைத்து வந்திருந்தான். அந்த அம்மையார் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை. பின்புறத்தில் புதிதாக எழுதியிருந்த பெயரை மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பெயருக்குக் கீழே தூத்துக்குடி என்று எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம ஊர் பெயரைப் போடக்கூடாதா?" என்றார்.

"நம்ம ஊரிலே துறைமுகம் இல்லையே, அம்மா."

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கணவர் கையால் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்று இருந்தது. தண்டலின் அறையில், பதிவுச் சான்றிதழை வைத்திருந்த தகரப் பெட்டியில் அதை மாட்டச் சொல்லிவிட்டு, சாவியைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். "அம்மா, அந்தச் சாவி தோணியோடு வரவேண்டும்" என்று மகன் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்வதற்குள் பாய் ஏற்றும் நேரம் வந்துவிட்டது.